வட சென்னையில குடியை விடணும்னு நினைக்கிறவங்களுக்கு: மீட்டிங் எப்படி தேடுறது, போனா என்ன நடக்கும்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் எல்லாமே. காலையில தலைவலியோட எழுந்து "இனிமே தொடமாட்டேன்"னு புள்ளை தலையில கை வச்சு சத்தியம் பண்ண அதே ஆளுதான், ஹார்பர்ல ஷிப்ட் முடிஞ்சோ மிண்ட்ல கடைய பூட்டிட்டோ மணலியில கம்பெனி பஸ்ஸ விட்டு இறங்கியோ வீட்டுக்கு வர்ற வழியில ஒயின்ஷாப் வாசல்ல நிக்கிறாரு. காலையில அவரு மனசார தான் சொன்னாரு. ஆனா அந்த ரெண்டு மணி நேரத்துக்கு போறதுக்கு அவருக்கு வேற எடமே இல்ல. ஏஏன்னு சொல்ற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீட்டிங் பெரும்பாலும் அதே சாயங்கால நேரத்துல தான் நடக்குது, அதனால தான் நான் யாரு கேட்டாலும் மொதல்ல இத சொல்றேன்: எந்த குரூப் நல்ல குரூப்னு தேடாதீங்க, உங்க கால் தானா கடை பக்கம் திரும்புற நேரம் எதுவோ அந்த நேரத்துல நடக்கிற மீட்டிங்க தேடுங்க. நான் குடிய விட்டு வருஷக்கணக்காச்சு, இன்னும் போயிட்டு தான் இருக்கேன், புதுசா வர்றவங்க கேக்குற கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதான் ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன்.

மொதல்ல ஒடம்பு

மீட்டிங்குக்கு முன்னாடி இது. தினமும் குடிக்கிறவங்க, அதுவும் கண்ணு முழிச்சதும் கை நடுங்குது, ஒரு கட்டிங் உள்ள போனாதான் நிக்குதுன்னு இருக்கிறவங்க, வைராக்கியம்னு சொல்லி வீட்டுக்குள்ள கதவ சாத்திக்கிட்டு ஒரேயடியா நிறுத்தக் கூடாது. கடைசியா குடிச்சு ஆறேழு மணி நேரம் ஆனதும் நடுக்கம், வேர்வை, வாந்தி, படபடப்பு ஆரம்பிக்கும். முதல் 48 மணி நேரத்துக்குள்ள ஃபிட்ஸ் வரலாம். ரெண்டாவது நாள்லேந்து நாலாவது நாளுக்குள்ள சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாம உளறல் வரும், இல்லாத பூச்சிய ஒடம்புலேந்து தட்டி விடுவாங்க, சுவரோரம் யாரோ நிக்கிறாங்கன்னு கத்துவாங்க. நம்ம ஏரியாவுல இத காத்து கருப்புன்னு நினைச்சு மந்திரிக்க கூட்டிட்டு போறவங்கள பாத்திருக்கேன், தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க, இது உயிர் போற விஷயம், நேரா 108க்கு போன் போடுங்க.

நமக்கு கிட்ட இருக்கிறது ஓல்ட் ஜெயில் ரோட்டுல ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பெரம்பூர், ஓட்டேரி, அயனாவரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு மேடவாக்கம் டேங்க் ரோட்டுல இருக்கிற கீழ்ப்பாக்கம் மனநல காப்பகம் கிட்ட. அங்க போறதுக்கு தான் ஜனங்க ரொம்ப கூச்சப்படுறாங்க, சின்ன வயசுலேந்து "கீழ்ப்பாக்கம் கேஸ்"னு கிண்டல் பண்ணியே வளர்ந்துட்டோம் இல்ல. 1794லேந்து இருக்கிற ஆஸ்பத்திரி அது, குடியால வர்றவங்கள தினமும் பாக்குற டாக்டருங்க அங்க இருக்காங்க, காலையில சீக்கிரமா போய் ஓபி சீட்டு போட்டு "குடிய நிறுத்தணும், எவ்ளோ குடிக்கிறேன், எத்தன வருஷமா குடிக்கிறேன்"னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க. குவாட்டர்னு சொன்னா ஒருத்தருக்கு குடுக்கிற மருந்து வேற, ஃபுல்லுன்னு சொன்னா வேற, அதனால கூட வந்திருக்கிற பொண்டாட்டிக்கு பயந்து கொறச்சு சொல்லாதீங்க.

இன்னொண்ணு. கை நடுங்குது, சாப்பாடு எறங்கலன்னு தெருமுனை கிளினிக்ல போய் குளுக்கோஸ் ஏத்திக்கிறது ரொம்ப சகஜம். டிரிப் போடுறதுக்கு முன்னாடியே இவரு தினமும் குடிக்கிறவருன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. நாள்பட்ட குடியில தயமின்ங்கிற பி1 விட்டமின் ஒடம்புல தீந்து போயிருக்கும், அத குடுக்காம வெறும் குளுக்கோஸ் ஏத்தினா சிலருக்கு மூளைய பாதிக்கும், தயமின் ஊசி மொதல்ல போட வேண்டியிருக்கும்.

அப்புறம் இந்த "அவருக்கே தெரியாம சாம்பார்ல கலந்து குடுங்க, ஒரே வாரத்துல குடிய மறந்துடுவாரு" விளம்பரம். குடிச்சா ஒத்துக்காம போற மாத்திரை நெஜமாவே இருக்கு, டைசல்ஃபிராம்னு பேரு, ஆனா அது டாக்டர் டெஸ்ட் எல்லாம் பாத்துட்டு அந்த ஆளோட சம்மதத்தோட குடுக்கிறது. தெரியாம கலந்து குடுத்து அவரு பாட்டுக்கு வெளிய போய் குடிச்சாருன்னா மூஞ்சி செவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் எறங்கி, இதயம் வரைக்கும் பிரச்சனை போகும். சாவு கூட வரலாம்.

சரி, மீட்டிங் எப்படி தேடுறது

ஏஏ என்னன்னு ரெண்டு வரி. 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்னு ஒரு ஊர்ல குடியில வாழ்க்கைய தொலச்ச ஒரு பங்கு வியாபாரியும் ஒரு டாக்டரும், ஒருத்தர்கிட்ட ஒருத்தர் ஒளிவு மறைவு இல்லாம பேசுனா அன்னைக்கு குடிக்காம இருக்க முடியுதுன்னு கண்டுபிடிச்சாங்க, அதுலேந்து வளந்தது. இந்தியாவுல 1957ல டெல்லியில ஆரம்பிச்சாங்க. பீஸ் கெடையாது, ஃபார்ம் கெடையாது, ஆதார் கேக்க மாட்டாங்க. குடிய நிறுத்தணும்னு ஒரு ஆசை இருந்தா போதும், அது மட்டும்தான் தகுதி. இதெல்லாம் சும்மா ஒக்காந்து பேசுறது, பேசுனா குடி போயிடுமான்னு கேக்குறவங்களுக்கு: 2020ல காக்ரேன்ங்கிற மருத்துவ ஆய்வு அமைப்பு பத்தாயிரம் பேருக்கு மேல கலந்துக்கிட்ட 27 ஆராய்ச்சிய ஒண்ணா சேத்து பாத்துச்சு, தொடர்ந்து குடிக்காம இருக்கிறதுல ஏஏவுக்கு முறையா அனுப்பி வைக்கிற சிகிச்சை மத்த சிகிச்சைங்கள விட நல்லாவே வேல செய்யுதுன்னு வந்துச்சு.

இந்தியாவுக்கான ஏஏ ஆபீஸ் மும்பையில இருக்கு, அவங்க வெப்சைட்ல ஊர் வாரியா தேடலாம், சென்னைக்கு உள்ள போன் நம்பரும் அங்க கெடைக்கும். இன்டர்நெட் ஒத்து வராதுன்னா ஸ்டான்லியிலயோ கீழ்ப்பாக்கத்துலயோ மனநல ஓபிக்கு போகும்போது அங்க இருக்கிற சோஷியல் ஒர்க்கர்கிட்ட "எங்க ஏரியாவுல ஏஏ மீட்டிங் எங்க நடக்குது"ன்னு கேளுங்க. தெற்கே அடையார் இந்திரா நகர்ல டிடிகே ஆஸ்பத்திரி இருக்கு, 1980ல சாந்தி ரங்கநாதன் அம்மா ஆரம்பிச்ச அமைப்பு நடத்துறது, குடி சிகிச்சையில ரொம்ப பழைய எடம், அங்க கேட்டாலும் வழி சொல்லுவாங்க. ராத்திரியில மனசு தவிக்குது, யார்கிட்ட பேசுறதுன்னே தெரியலன்னா 14416, அது டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. போதை விஷயத்துக்குன்னே மத்திய அரசோட 14446 ஒண்ணு இருக்கு.

ஏஏ நம்பருக்கு போன் பண்ணா எடுக்கிறவரு சம்பளத்துக்கு ஒக்காந்திருக்கிற ஆள் கெடையாது, அவரும் குடிச்சு விட்டவருதான், அவருக்கும் வேல வெட்டி இருக்கும். எடுக்கலன்னா "பாத்தியா யாரும் எடுக்கல"ன்னு விட்டுடாதீங்க, மறுபடி அடிங்க. எடுத்ததும் பெரிய கதையெல்லாம் சொல்லணும்னு இல்ல. "அண்ணா, குடிய விடணும், நான் கொருக்குப்பேட்டை, கிட்ட எங்க மீட்டிங் இருக்கு"ன்னா போதும். அப்புறம் இத கேட்டுக்குங்க: தமிழ் மீட்டிங்கா இங்கிலீஷா, என்னைக்கு என்ன மணிக்கு, கட்டடத்துக்குள்ள எந்த பக்கம் ரூம், வாசல்ல யாராவது நிப்பாங்களா, இந்த வாரம் கண்டிப்பா நடக்குதா. கடைசி கேள்விய விட்டுடாதீங்க, ஹால் மாறும், திருவிழா நேரத்துல கிழமை மாறும், பழைய லிஸ்ட்ட நம்பி போய் பூட்டுன கதவ பாத்துட்டு திரும்புனவங்க நெறைய பேரு, அந்த மனநிலையில திரும்பி வர்ற வழியில கடை எத்தன இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

ஓபன் மீட்டிங், க்ளோஸ்டு மீட்டிங்னு ரெண்டு விதம் உண்டு. ஓபன்ல வீட்டுக்காரங்களும் ஒக்காரலாம். க்ளோஸ்டுல குடி பிரச்சனை இருக்கிறவங்க மட்டும். தனியா போக கால் வரலன்னா மொத தடவ ஓபனுக்கு தம்பியையோ பொண்டாட்டியையோ கூட்டிட்டு போங்க.

எந்த மீட்டிங்னு முடிவு பண்றது

ஒரு பேப்பர எடுங்க. வேல எடத்துலேந்து வீடு வரைக்கும் நீங்க வர்ற வழிய எழுதுங்க, எந்த ஸ்டாப்புல எறங்குறீங்க, எந்த முனையில ஃப்ரெண்ட்ஸ் நிப்பாங்க, கடை எங்க. டாஸ்மாக் பகல் 12லேந்து ராத்திரி 10 வரைக்கும் தான். அதுல உங்களுக்கு ஆபத்து ஒரு ஒன்றரை மணி நேரம், ரெண்டு மணி நேரம். ஆறரைக்கு தண்டையார்பேட்டைல எறங்குற ஆளுக்கு ஏழு மணி மீட்டிங், வீட்டுக்கு போகாம நேரா போற மாதிரி. வீட்டுக்கு போயிட்டு குளிச்சிட்டு கெளம்பலாம்னு நினைச்சா கெளம்ப மாட்டீங்க. 2021ல விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்ததுலேந்து திருவொற்றியூர்காரங்களுக்கு டவுன் பக்கம் நடக்கிற மீட்டிங்கும் கிட்ட தான், பஸ்ஸுக்கு நின்னு கடுப்பாகி குடிக்க போற கதை மிச்சம்.

சொந்த ஏரியாவுலயே போறதா வெளிய போறதான்னு கேட்டா, ஆரம்பத்துல கொஞ்சம் தள்ளியே போங்கன்னு தான் சொல்லுவேன். காசிமேட்டுல எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், வலைய இழுக்கிற நேரத்துல ஒருத்தன் சொன்னா சாயங்காலத்துக்குள்ள குப்பம் பூரா தெரிஞ்சிடும். பெரம்பூர் போங்க, புரசைவாக்கம் போங்க. "அங்க தெரிஞ்சவன் யாராவது இருந்துட்டா?" இருந்தா அவனும் அதுக்குத்தான் வந்திருக்கான். அங்க கேட்டது வெளிய போகக்கூடாதுன்றத அவங்க உயிரா காப்பாத்துவாங்க, முழு பேரு கூட சொல்ல வேணாம், ஏழுமலைன்னு சொன்னாலும் சரி வேற பேரு சொன்னாலும் சரி யாரும் தோண்ட மாட்டாங்க.

நெறைய மீட்டிங் சர்ச் ஹால்ல தான் நடக்குது. இத பாத்துட்டு மதம் மாத்துற கூட்டம்னு வாசல்லேந்து திரும்புறவங்க உண்டு. ஹால் கெடைக்குது, அதுக்கு வாடகை குடுக்கிறாங்க, அவ்ளோதான். உள்ள அய்யப்பனுக்கு மாலை போடுறவரும் இருப்பாரு, மண்ணடியிலேந்து தொழுகை முடிச்சிட்டு வர்றவரும் இருப்பாரு, கருப்பு சட்ட போட்டவரும் இருப்பாரு. கடவுள்னு பேச்சு வரும், மறைக்கல. அவங்கவங்க புரிஞ்சிக்கிட்ட மாதிரின்னு தான் வரும். நம்பிக்கை இல்லாதவங்க அந்த ரூம்ல இருக்கிற மனுஷங்கள நம்புனா கூட போதும், அப்படியே பல வருஷம் குடிக்காம இருக்கிறவங்கள எனக்கு தெரியும்.

உள்ள போனா

பத்து நிமிஷம் முன்னாடி போங்க. சேர் போட்டுட்டு இருப்பாங்க, சில எடத்துல டீ இருக்கும். புது ஆள்னு தெரிஞ்சா ஒருத்தரு வந்து கை குடுப்பாரு. ஒருத்தரு நடத்துவாரு, ஆரம்பத்துல கொஞ்சம் வாசிப்பாங்க, ஒரு பிரார்த்தனை இருக்கும், அப்புறம் ஒவ்வொருத்தரா பேசுவாங்க. "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி"ன்னு ஆரம்பிப்பாங்க, மொத தடவ அத கேக்கும்போது அடி வயிறு கலங்கும், அது எல்லாருக்கும் வர்றது. ஒருத்தரு பேசும்போது குறுக்க யாரும் பேச மாட்டாங்க, அட்வைஸ் பண்ண மாட்டாங்க, "நீ ஏன் அப்படி பண்ண"ன்னு கேக்க மாட்டாங்க. நம்ம வீட்டு பஞ்சாயத்துலயே வளந்தவங்களுக்கு இது புதுசா இருக்கும்.

உங்க முறை வந்தா "இன்னைக்கு கேக்க வந்தேன்"னு சொல்லிட்டு ஒக்காந்துடலாம். கட்டாயம் இல்ல. அழுகை வந்தா அழுங்க, அந்த ரூம்ல அழாத ஆம்பள யாரும் இல்ல. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும். நடுவுல ஒரு பை இல்ல டப்பா சுத்தி வரும், வாடகைக்கும் டீக்கும். பத்து இருபது போடுறவங்க போடுவாங்க, புதுசா வந்தவங்க போடவே வேணாம். வெளியிலேந்து நன்கொடை வாங்க மாட்டாங்க, அரசாங்க காசும் கெடையாது.

அன்னைக்கு குடிச்சிட்டீங்கன்னா? போங்க. பேசாம பின்னாடி ஒக்காருங்க. தகராறு பண்ணாதவரைக்கும் வாசன வருதுன்னு யாரும் வெளிய தள்ள மாட்டாங்க, அவங்கள்ல பல பேரு மொத மீட்டிங்குக்கு அப்படித்தான் வந்தாங்க. வண்டிய மட்டும் எடுக்காதீங்க.

முடிஞ்சதும் ஓடிடாதீங்க. மீட்டிங்ல பாதி விஷயம் முடிஞ்சதுக்கு அப்புறம் வாசல்ல நின்னு பேசுற கால் மணி நேரத்துல தான் இருக்கு. மூணு நாலு பேரு நம்பர வாங்குங்க, மறுநாள் சும்மாவாச்சும் ஒருத்தருக்கு போன் பண்ணுங்க, "அண்ணா, நேத்து வந்த பையன் பேசுறேன்"னு. ஒண்ணும் ஆகாத நாள்ல போன் பண்ணி பழகினா தான் கை நடுங்குற நாள்ல அந்த நம்பர அழுத்த வரும். கொஞ்ச நாள் போனதும் உங்களுக்கு ஒத்துப்போற ஒரு பழைய ஆள ஸ்பான்சரா, அதாவது கூட இருந்து வழி காட்டுறவரா, இருக்க சொல்லி கேக்கலாம், குடிய விட்டு வாழ ஏஏ சொல்ற 12 படிகள் எல்லாம் அவரு கூட ஒக்காந்து மெதுவா. ஆம்பளைக்கு ஆம்பள, பொம்பளைக்கு பொம்பளன்னு வச்சுக்கிறது வழக்கம். கடன் கேக்காதீங்க, குடுக்காதீங்க, எத்தனையோ நட்பு அதுல தான் உடைஞ்சிருக்கு. யாராவது "டாக்டர் குடுத்த மாத்திரையும் போதை தான், தூக்கி போடு"ன்னு சொன்னா கேக்காதீங்க. ஏஏவோட நிலைப்பாடே மருந்து விஷயம் டாக்டர் பாத்துக்க வேண்டியதுன்னு தான்.

பொண்ணுங்களுக்கு தனியா சொல்லணும். நம்ம பக்கம் குடிக்கிற பொம்பளைங்க இருக்காங்க, மீன் கூடை தூக்கி ஒடம்பு வலிக்குதுன்னு ஆரம்பிச்சவங்க, புருஷன் வாங்கி வந்தத தொட்டு பழகினவங்க, வெளிய சொல்ல முடியாம உள்ளயே அழிஞ்சு போறாங்க. போன் பண்ணும்போதே "பொம்பள மெம்பர் யாராவது என்கிட்ட பேசுவாங்களா"ன்னு கேளுங்க, பேச வைப்பாங்க. ஆம்பளைங்க நெறைஞ்ச ரூமுக்கு போக சங்கடமா இருந்தா வீட்டுலேந்தே போன்ல ஆன்லைன் மீட்டிங்ல சேரலாம், கேமராவ ஆஃப் பண்ணிக்கலாம்.

குடிக்கிறவரு வரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னா

அப்போ நீங்க போங்க. குடிக்கிறவங்களோட குடும்பத்துக்குன்னே அல்-அனான்னு தனி கூட்டம் இருக்கு, 1951லேந்து நடக்குது, சென்னையிலயும் உண்டு. அவரு விட்டாலும் விடலன்னாலும் நீங்க உருப்படியா மூச்சு விடுறதுக்கு அது. பாட்டில எங்க ஒளிச்சு வச்சிருக்காருன்னு தேடுறது, பார்ல போய் கத்துறது, மேஸ்திரிக்கு போன் பண்ணி "அவருக்கு ஜொரம்"னு பொய் சொல்றது, இதையே பத்து வருஷம் பண்ணி ஒடம்பு கெட்டுப்போன அக்காங்க எத்தனையோ பேரு அங்க இருக்காங்க, அவங்க சொல்றத கேளுங்க. போதையில இருக்கும்போது பேசி புண்ணியம் இல்ல, காலையில, அவரு தெளிவா இருக்கும்போது, ரெண்டே வரி: "நான் மீட்டிங் போறேன், நீ வர்றியா?" அவ்ளோதான். அடிக்கிறாருன்னா இதெல்லாம் அப்புறம், பொம்பளைங்களுக்கான ஹெல்ப்லைன் 181க்கு போன் பண்ணுங்க.

கோவத்துல அவர கட்டி தூக்கிட்டு போற "மறுவாழ்வு மையம்" ஆளுங்ககிட்ட விட்டுடாதீங்க. 2017 மனநல பாதுகாப்பு சட்டப்படி இந்த மாதிரி சேத்து வச்சு பாக்குற எடம் எல்லாம் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும். பதிவு சர்டிஃபிகேட் காட்ட சொல்லுங்க, டாக்டர் யாரு எப்போ வருவாருன்னு கேளுங்க, உள்ள போய் பாக்க விடலன்னா அந்த எடம் வேணாம்.

எந்தெந்த நாள் ஜாக்கிரதை

சனிக்கிழமை கூலி. அன்னைக்கு மீட்டிங் இல்லன்னா யாரையாவது கூட வச்சுக்கிட்டு வீடு வரைக்கும் வாங்க, சம்பளத்த வீட்டுல இருக்கிறவங்க அக்கவுண்டுக்கே போட சொல்லிடுங்க. ஆயுதபூஜை, தீபாவளி போனஸ். டாஸ்மாக் லீவு விடுற நாளுக்கு முந்தின நாள், அன்னைக்கு தான் "நாளைக்கு கெடைக்காது"ன்னு எல்லாரும் வாங்கி அடுக்குவாங்க. போட்டுல போறவங்களுக்கு ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள் கரையில சும்மா ஒக்காந்திருக்கிறது, சீட்டாட்டம், கடன், சரக்கு. அந்த ரெண்டு மாசத்துக்கு தினமும் ஒரு மீட்டிங்னு வச்சுக்கிட்டவங்க தப்பிச்சிருக்காங்க, வேற எந்த சீசன்லயும் இவ்ளோ நேரம் கெடைக்காது.

எல்லாத்தையும் விட சாவு வீடு. மேளம், கானா, பந்தல் பின்னாடி பாட்டில், வேணாம்னு சொன்னா செத்தவருக்கு மரியாதை இல்லன்னு சண்டைக்கு வருவாங்க. நெருங்கின சொந்தம்னா போகாம இருக்க முடியாது. காலையிலயே போயிடுங்க, மாலைய போட்டு குடும்பத்துக்கிட்ட துக்கம் விசாரிச்சிட்டு எடுக்கிற நேரத்துக்கு திரும்ப வாங்க, நடுவுல அங்கயே ஒக்காராதீங்க. வயித்துக்கு சாப்பிட்டுட்டு போங்க, பசியும் அசதியும் சேந்தா குடிக்கிற எண்ணம் தானா வரும். யாராவது கிளாஸ நீட்டினா "மாத்திரை சாப்பிடுறேண்ணா, டாக்டர் கூடாதுன்னுட்டாரு"ன்னு சொல்லுங்க, அதுக்கு மேல யாரும் வற்புறுத்துறது கொறவு. முடிஞ்சா ஏஏ நண்பர் ஒருத்தர கூட கூட்டிட்டு போங்க, கேட்டா கண்டிப்பா வருவாங்க, நானும் அப்படி போயிருக்கேன்.

நடுவுல ஒரு நாள் தவறி குடிச்சிட்டா மறுநாள் சாயங்காலமே போங்க, ஒரு வாரம் கழிச்சு மூஞ்சி தெளிஞ்சதும் போகலாம்னு நினைக்காதீங்க. திட்ட மாட்டாங்க, "வா தம்பி"ன்னு சேர் இழுத்து போடுவாங்க. ஆனா பல நாள் தொடர்ந்து குடிச்சிட்டு நிறுத்துறீங்கன்னா மறுபடி ஆஸ்பத்திரி வழியா தான் வரணும், மேல சொன்ன நடுக்கம் ஃபிட்ஸ் எல்லாம் ரெண்டாவது தடவ இன்னும் மோசமா வரலாம்.

ஒரு குரூப் புடிக்கலன்னா வேற குரூப்புக்கு மாறிக்கோங்க. ஒரு எடத்துல பெரியவங்களா இருப்பாங்க, ஒரு எடத்துல ஒருத்தரே அரை மணி நேரம் பேசுவாரு. ஒண்ணு ரெண்ட பாத்துட்டு ஏஏவே இப்படித்தான்னு முடிவு பண்ணாம நாலஞ்சு எடம் போய் பாருங்க.

போன அன்னைக்கு ரூம் பூட்டியிருந்தா வந்த வழியிலயே திரும்பாதீங்க. மெட்ரோ ஸ்டேஷனோ டீக்கடையோ வெளிச்சமா ஜனம் இருக்கிற எடமா பாத்து ஒக்காந்து அந்த நம்பருக்கு போன் போடுங்க, எடுக்கலன்னா அடுத்த நம்பர், அதுவும் இல்லன்னா 14416. ஏதாவது டிபன் சாப்பிடுங்க. அன்னைக்கு வேற எங்க மீட்டிங் நடக்குது, ஆன்லைன்ல எத்தன மணிக்குன்னு கேட்டு போன்லயே சேந்துடுங்க, வீட்டுக்கு வேற தெரு வழியா போங்க.